முதலில் நங்கூரத்தைப் போடுங்கள்

மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் பக்கீரின் கொட்டில் இருக்கிறது. மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிற இடம். அங்கே ஒரு தை மாதக் காலையில் நடந்த கதை தர்சிகாவுக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. திருத்தக் கொடுத்த எஞ்சினை எடுத்துப் போவதற்காக அவள் தகப்பன் கதிரவேலோடு சம்பூரிலிருந்து வந்திருந்தாள். பக்கீர் கையைத் துடைத்துக்கொண்டே அவளிடம் கேட்டார்.

"தங்கச்சி, நீங்க நிலாவெளி ஹோட்டலுகளுக்கு நெட்டில ஆள் பிடிச்சுக் குடுக்கிறீங்களாம். அப்பா சொன்னார். மெய்யா?"

"ஆள் பிடிக்கிறதில்ல நானா. தேடுற ஆக்களிட கண்ணில படுற மாதிரி எழுதிக் குடுக்கிறன்," என்றாள் தர்சிகா. அண்ணன் என்பதற்கு அங்கே முஸ்லிம்கள் சொல்லுகிற 'நானா'வையே அவளும் சொல்லுவாள்.

"எனக்கும் எழுதுவீங்களா?"

"எழுதலாம். ஏன் நானா, என்ன நடந்தது?"

அவர் பின்னால் திரும்பி, எஞ்சின்கள் தொங்குகிற நீண்ட மரத் தடியைக் காட்டினார். "இதில பன்னிரண்டு எஞ்சின் தொங்கும். இப்ப எத்தின?"

"மூண்டு."

"அதில ஒண்டு உங்கட அப்பாட. அதையும் இப்ப கழட்டிக்கொண்டு போகப் போறீங்க."

"வேணுமெண்டா விட்டிட்டுப் போறன் பக்கீர். அழகுக்குத் தொங்கட்டும்," என்றார் கதிரவேல்.

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் பக்கீர் சாதாரணமாகச் சொன்னார்: "கட்டாருக்கு விசா வந்திட்டுது. ஹஜ்ஜுப் பெருநாள் முடியப் பயணம். அதுக்கிடையில இந்தத் தடி நிறைஞ்சா நான் போகமாட்டன். நிறையாட்டிப் போவன். வீட்டில லைலாட்டயும் இதத்தான் சொல்லி வச்சிருக்கன்."

"அஞ்சு மாசம் இருக்கு," என்றாள் தர்சிகா.

"ஏலுமா?"

"தெரியாது நானா."

"நல்லது. ஏலும் எண்டு டக்கெண்டு சொல்லியிருந்தீங்க எண்டா நான் பயந்திருப்பன்."

பக்கீருக்குக் கட்டார் புதிதல்ல. ஆறு வருடம் அங்கே ஒரு படகுத் துறையில் எஞ்சின் வேலை செய்தவர். மூத்த மகள் றுமானா பிறந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். முதல் லீவில் வீட்டுக்கு வந்த அன்று, நடக்கப் பழகிவிட்ட பிள்ளை அவரைக் கண்டதும் அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டதாம். வெளியே வர மூன்று நாள் எடுத்ததாம். இப்போது வீட்டில் இரண்டு வயதில் இன்னொரு மகள் இருந்தாள். அவளும் அலுமாரிக்குப் பின்னால் ஒளிவதைப் பார்க்கத் தன்னால் ஏலாது என்று பக்கீர் ஒருவரிடமும் சொன்னதில்லை. தர்சிகாவுக்கு அதைச் சொன்னது அவருடைய மனைவி லைலா.

தர்சிகாவின் வீட்டுக்கு அவர் ஒரு எஞ்சின்காரர் மட்டுமல்ல. போர் முடிந்து சம்பூரில் சனம் திரும்பக் குடியேறிய காலத்தில், கதிரவேலுக்கு யாரோ கொடுத்த பழைய எஞ்சின் ஒன்று உப்புப் பிடித்து இறுகிக் கிடந்தது. கட்டாரிலிருந்து வந்த புதிதில் இருந்த பக்கீர் அதைக் கேள்விப்பட்டு, திருகுச் சாவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார். இரண்டு நாள் அவர்களுடைய தகரக் கொட்டிலில் இருந்து அதைப் பிரித்துப் பூட்டினார். அந்த எஞ்சின்தான் தர்சிகாவை இங்கிலிஷ் வகுப்புக்கும் பிறகு நகரத்தில் கொம்பியூட்டர் வகுப்புக்கும் அனுப்பியது.

வேலை குறைந்ததற்கு அவருடைய கைவேலையில் குறை ஒன்றும் காரணமில்லை. பாலங்கள் வந்து பாதை சீரான பிறகு திருகோணமலை நகரம் கிட்டவாகிவிட்டது. அங்கே கண்ணாடிக் கதவு போட்ட பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்று திறந்திருந்தார்கள். போனைத் திறந்தால் அவர்களுடைய விளம்பரம்தான் முதலில் வந்தது.

தர்சிகா தான் படித்தபடியே தொடங்கினாள். "திருகோணமலையில் சிறந்த படகு எஞ்சின் சேவை" என்று தமிழிலும் இங்கிலிஷிலும் எழுதி, நீலக் கடலில் ஒரு படகு நிற்கிற படத்தைப் போட்டாள். இணையப் பக்கம் வடிவாகத்தான் இருந்தது. மூன்றாவது கிழமை கொட்டில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கொழும்பிலிருந்து வந்த குடும்பம், தொப்பி போட்ட நான்கு பிள்ளைகள்.

"டொல்ஃபின் பாக்கக் கூட்டிக்கொண்டு போற இடம் இதுதானே?"

பக்கீர் எண்ணெய்க் கையோடு வெளியே வந்து அவர்களைப் பார்த்தார். பிறகு உள்ளே ஆள் அனுப்பிப் பால் விடாத பிளேன்ரீ வரவழைத்து, தெரிந்த ஒரு படகுக்காரருக்குப் போன் எடுத்து அந்தப் பிள்ளைகளை அனுப்பிவைத்தார். பின்னேரம் தர்சிகா வந்தபோது, பக்கத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் றுமைஸ் அவளுக்காகவே காத்திருந்தவர் போல எழும்பி வந்தார்.

"வாங்க வாங்க. நானாவ டொல்ஃபின் மேய்க்க விட்டிருக்கிறீங்களாமே!"

தர்சிகாவுக்கு முகம் சுட்டது. பக்கீர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, நீங்க எழுதினது ஆருக்குச் சொல்ற கதை? என்ட ஆக்கள் ஒருத்தனும் இப்பிடிக் கேக்கமாட்டானே," என்றார்.

அந்தக் கேள்வியோடு அவள் இரண்டு கிழமை கொட்டிலில் ஒரு மூலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். அதிகம் கதைக்காத பெண். இருப்பதே தெரியாது. பக்கீரின் போன் அடிக்கும்போதெல்லாம் அவர் ஸ்பீக்கரில் போடுவார். அவள் கொப்பியில் எழுதுவாள். சிறந்த சேவை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. "நானா, எஞ்சின் தண்ணி துப்புதில்ல." "கயிறு இழுத்து இழுத்துக் கை விட்டுப் போச்சு, எடுக்குதில்ல." "எடுக்குது, ஆனா வேகம் தூக்குதில்ல." "இருமி இருமி நிண்டிட்டுது." பக்கீர் கேட்பார்: "டேங்க் மூடியில காத்துத் திருகு ஒண்டு இருக்கு, அதத் திறந்தீங்களா?" மறுமுனையில் திருகைத் திறப்பார்கள். பிறகு எஞ்சின் உறுமுகிற சத்தமும் அசட்டுச் சிரிப்பும் ஒன்றாகக் கேட்கும்.

கடலில் நிற்கிறவன் ஈரக் கையால் எழுதித் தேடமாட்டான், போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து வாயில் வருகிற சொல்லைத்தான் சொல்லுவான் என்று தர்சிகாவுக்கு விளங்கியது. அந்தச் சொற்களையே தலைப்பாகப் போட்டு, அவற்றுக்குக் கீழே பக்கீர் போனில் சொல்லுகிற பதிலை அப்படியே எழுதினால் என்ன?

"எல்லாத்தையும் சும்மா சொல்லிக் குடுத்தா எஞ்சின ஆர் கொண்டு வருவான்?" என்றார் றுமைஸ்.

பக்கீர் யோசித்தார். "போனிலயும் சும்மாதானே சொல்றன்," என்றார்.

முப்பத்தொரு கேள்விகள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே வருகிற முதல் வரியில்தான் இருவரும் முட்டிக்கொண்டார்கள். தேடிப் பார்க்கிற ஆளுக்குப் பக்கத்தின் பெயருக்குக் கீழே அநேகமாக முதல் வரிதான் தெரியும். ஆகவே அதில் கடைப் பெயரும் ஊரும் தொழிலும் வர வேண்டும் என்று அவள் சொன்னாள். வகுப்பில் அப்படித்தான் படிப்பித்தார்கள்.

"வேணாம்," என்றார் பக்கீர். "எஞ்சின் நிண்டா எல்லாரும் எஞ்சினத்தான் பாப்பாங்க. படகு இழுபடுறது தெரியாது. முதல் வரியில 'முதலில் நங்கூரத்தைப் போடுங்கள்' எண்டு எழுதுங்க. அதுக்குப் பிறகு மத்தக் கதை."

"அதில உங்கட பேரே இல்லையே நானா."

"நங்கூரம் போட்டவன் ஆறுதலா வாசிப்பான். பேர் கீழ கிடக்கட்டும்."

அவர் சொன்னபடியே போட்டாள். முப்பத்தொரு இடத்திலும்.

பங்குனி போனது. நோன்பு போனது. போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. புத்தளத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் எல்லாம் கதைத்தார்கள். "நீங்க எழுதினதப் பாத்துச் செஞ்சனான், எடுத்திட்டுது, நன்றி அண்ணன்," என்று வைத்துவிடுவார்கள். தடியில் நான்கு எஞ்சின், பிறகு இரண்டு, பிறகு மூன்று. "நானா இப்ப இலங்கைக்கே வாத்தியார். பள்ளிக்கூடத்தில பிள்ளையள்தான் இல்ல," என்று றுமைஸ் போகிற வருகிறவர்களிடம் சொன்னார். தர்சிகா கணினியில் பக்கத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தாள், கொட்டிலுக்கு வந்து தடியைப் பார்த்தாள். ஏறுகிற எண்ணிக்கையைப் பற்றி அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வைகாசி நடுவில், பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, முல்லைத்தீவிலிருந்து ஒரு சின்ன லொறி வந்தது. லதீசன் என்று ஒரு இளம் மீனவர் இறங்கினார். பின்னால் ஐந்து எஞ்சின்கள், சாக்குச் சுற்றிக் கிடந்தன.

"பக்கீர் அண்ணன் ஆர்?"

"நான்தான். என்ன, அஞ்சும் நிண்டிட்டுதா?"

"இல்லை அண்ணன், அஞ்சும் ஓடுது."

பக்கீர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். லதீசன் சொல்லத் தொடங்கினார். போன மாதம் கொக்கிளாய்ப் பக்கம் எஞ்சின் நின்றுவிட்டது. போனில் தேடினார். "எல்லாரும் நாங்கதான் திறம், எங்களுக்கு அடியுங்கோ எண்டுதான் போட்டிருக்கினம். ஒரு ஆள் மட்டும் நங்கூரத்தைப் போடு எண்டு போட்டிருக்கிறார். நிமிந்து பாத்தா நாங்கள் கடலுக்குள்ள கிடக்கிற பாருக் கல்லுப் பக்கமா இழுபட்டுக்கொண்டு போறம் அண்ணன். மச்சான் பாஞ்சு நங்கூரத்தைப் போட்டவன். பிறகுதான் வாசிச்சனாங்கள். நாலாவது வரியில நீங்க சொன்ன மாதிரி, தண்ணி இழுக்கிற ஓட்டையில பொலித்தீன் பை."

"அப்ப சரியாப் போச்சே. பிறகு ஏன் இவ்வளவு தூரம் கொண்டு வந்தீங்க?"

"கடைசியில நீங்கள்தானே எழுதியிருக்கிறியள், கரைக்கு வந்த பிறகு ஒருக்காத் திறந்து பாக்க வேணும், கிட்ட இருக்கிற ஆரிட்டயும் காட்டலாம் எண்டு. எங்கட கரையில கதைச்சனாங்கள். இப்பிடி எழுதின ஆளிட்டயே காட்டுவம் எண்டு முடிவெடுத்திட்டம்."

பக்கீர் லொறியடிக்குப் போனார். முதல் எஞ்சினைத் தூக்கித் தண்ணீர்ப் பீப்பாயில் பூட்டிக் கயிற்றை இழுத்தார். எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் பக்கத்துத் துளையால் பீறிட்டது. தன் உள்ளங்கையை அதன் கீழே பிடித்துச் சூடு பார்த்தபடி, மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

அதன் பிறகு புல்மோட்டையிலிருந்து வந்தது. வாழைச்சேனையிலிருந்து பஸ்ஸில் இரண்டு வந்தன. நகரத்துச் சர்வீஸ் நிலையத்துக்குப் போன மூதூர்க்காரர்களும், முல்லைத்தீவான் இங்கே வருகிறான் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாள் முன்பு தடியில் பன்னிரண்டு தொங்கின. இரண்டு நிலத்தில் சாக்கு விரித்துக் கிடந்தன. லைலா வந்து வாசலில் நின்று விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாஸ்போட்டை அலுமாரியின் அடித்தட்டில், பழைய சாறிகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினாள்.

பெருநாள் முடிந்த கிழமை, றுமைஸ் தர்சிகாவைத் தன் கடைக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "என்ட கடைக்கும் ஒண்டு எழுதுவீங்களா? டொல்ஃபின் வேணாம்."

இப்போது தர்சிகா சிறு தொழில் செய்கிறவர்களுக்கு நகரத்தில் வகுப்பு எடுக்கிறாள். தையற்காரர், கேக் செய்கிறவர்கள், சித்திரம் கீறுகிற பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். எண்ணிக்கை எப்படி ஏறியது என்று கேட்பார்கள். அவள் பக்கீரின் பக்கத்தைத் திறந்து முதல் வரியைக் காட்டுவாள். பெருமை அவள் குரலில் தானாகவே வந்துவிடும். ஒரு விடயத்தை மட்டும் அவள் வகுப்பில் சொல்வதில்லை.

அது சித்திரையில் நடந்தது. தடியில் இரண்டே இரண்டு எஞ்சின் தொங்கிய நாள். பக்கத்தை என்ன செய்வது என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். உள்ளுக்குள், அழித்துவிடுங்கள் என்று அவர் சொல்லப்போகிறார் என்று நினைத்திருந்தாள். பக்கீர் கையிலிருந்த திருகுச் சாவியைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, ஒரு உதவி. நான் போனாலும் அத எடுத்துப்போடாதீங்க. நம்பர மட்டும் மாத்துங்க. அங்க போன உடன கட்டார் நம்பர அனுப்புறன், அதப் போட்டுவிடுங்க."