சந்தை ஜீப்பில் ஒரு நேர்காணல்

நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் வெள்ளிமலையில் காற்றும் மழையும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. என் கண் ஃபோனில் இருந்த சிக்னல் கோடுகளின் மேலேயே இருந்தது. ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றும் இல்லாமல் போனது. அதன் பின்னாலேயே கரன்ட்டும் போனது.

நான் அப்போது சென்னையில் எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வெள்ளிமலையில் ஒரு விடுதிப் பள்ளியில் சமையல் வேலை. அப்பா இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வந்த இடத்தில்தான் பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து மெயில் வந்தது. இன்டர்ன்ஷிப்புக்காக வீடியோவில் பேச வேண்டும். பல மாதங்களாக நான் அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதில் என்று வந்தது அது ஒன்றுதான்.

கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் மொபைல் ஆப் செய்யும் கம்பெனிகளுக்குப் போனார்கள். நான் தேடியது சிஸ்டம்ஸ் வேலை. திரையில் தெரிவதற்கு அடியில், மெமரியும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடத்து வேலை. அந்த ஆசை எனக்கு வந்ததே பயத்தில்தான். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிக் கல்லூரிக்குப் போனபோது, அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் பேட்டரி செத்துக் கிடந்தது. கரன்ட் போனால் அதுவும் அணைந்துவிடும். அப்படி அணைந்த ஒரு நாள், கடைசி வருட ப்ராஜெக்ட் திறக்காமல் போய்விட்டது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பாதி எழுதும்போது கரன்ட் போனால் டிஸ்க்குக்குள் என்னதான் நடக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். ஃபைல் திரும்பக் கிடைத்த பிறகும் தேடுவதை நிறுத்தவில்லை.

விடிந்தும் சிக்னல் வரவில்லை. கீழே இறங்கினால் கோமுகி அணைப் பக்கம் கிடைக்கும்.

"இந்த மழைல எங்க போற? நாளைக்குப் பேசறேன்னு ஃபோன் போட்டு சொல்லு" என்றாள் அம்மா.

"சிக்னலே இல்லியேம்மா, எப்டி சொல்றது?"

அரிசி வந்த பிளாஸ்டிக் பையில், புது பேட்டரி போட்டிருந்த லேப்டாப்பை அம்மா சுற்றி, சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தாள்.

முதல் பஸ் மலைப்பாதையில் கொஞ்ச தூரம் இறங்கி ஒரு வளைவில் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே பெரிய மரம் விழுந்து கிடந்தது.

"வெட்டறதுக்கு ஆளு வரணும். மத்தியானம் ஆயிடும்" என்றார் கண்டக்டர்.

நேர்காணல் காலையில். மத்தியானம் என்றால் எல்லாம் முடிந்துவிடும். பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி, கிளைகளுக்கு அடியில் ஊர்ந்து அந்தப் பக்கம் போனேன். பனிமூட்டத்தில் ரோட்டின் ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. நடு ரோட்டிலேயே நடந்தேன். எதிரே வண்டி வந்துவிடுமோ என்று ஒரு பயம், ஒரு வண்டியும் வராதோ என்று இன்னொரு பயம். பின்னால் ஏதோ சரசரத்தது. திரும்பிப் பார்க்க தைரியம் இல்லாமல் ஓடினேன்.

கீழே ஒரு சிற்றூரில், கள்ளக்குறிச்சி சந்தைக்குப் போகும் ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவே பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அணை கண்ணில் பட்டதும் ஃபோனில் கோடுகள் வந்தன. ஒதுங்க ஓர் இடம் இல்லை, மழையும் விடவில்லை. டிரைவர் புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார்.

"உள்ளயே உக்காந்து பேசு பாப்பா."

"உங்களுக்கு நேரமாயிடுமேங்க."

"பேசட்டும் வுடு. சந்தை இன்னா ஓடியா போவுது?" என்றார் மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி.

ஃபோன் நெட்டை லேப்டாப்பில் கொடுத்து உள்ளே நுழைந்தேன். திரையில் ஓர் ஆணும் பெண்ணும். நீ எங்கே இருக்கிறாய் என்று அந்தப் பெண் இங்கிலீஷில் கேட்டார். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள் நான். பயந்தால் முதலில் கைவிடுவது இங்கிலீஷ்தான். மழை, மரம், ஜீப் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். கோழி ஒரு தரம் கொக்கரித்தது. அதை மடியில் வைத்திருந்த பெண்மணி அதன் தலையை முந்தானையால் மூடினார்.

வகுப்புக்காக நான் எழுதியிருந்த, டிஸ்க்கில் ஃபைல்களை எழுதிக் காக்கும் சின்ன ஃபைல் சிஸ்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. பிறகு திரையில் இருந்த பெண், டிஸ்க்கே எழுதாமல் 'எழுதிவிட்டேன்' என்று பொய் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டார். நான் யோசித்தே பார்க்காத கேள்வி. தெரியாது, ஆனால் இப்படிச் செய்து பார்ப்பேன் என்று ஆரம்பித்தேன். பாதியில் அவர்கள் முகம் அப்படியே உறைந்து நின்றது. தொடர்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப முயன்றும் சேரவில்லை.

லேப்டாப்பை மூடினேன்.

"முடிஞ்சிடுச்சா?" என்று கோழி வைத்திருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"தெரியலங்க. கட்டாயிடுச்சு."

"நல்லாத்தான பேசிக்கினு இருந்த."

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி நடந்ததை மெயிலில் எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஃபோன் அதிர்ந்தாலே எடுத்து மெயிலைப் பார்ப்பேன். நான் சென்னைக்குத் திரும்பிய பிறகுதான் பதில் வந்தது. விட்ட இடத்திலிருந்து பேசலாம் என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்திருந்தேன். ஆனாலும் முதல் தடவையை விட அதிகமாக உளறினேன். அப்படியும் என்னை எடுத்துக்கொண்டார்கள்.

ஃபோனில் அம்மாவிடம் சொன்னேன்.

"அங்க யாரத் தெரியும் உனக்கு?"

"யாரையும் தெரியாதும்மா."

"அப்ப நானும் வரேன்."

சேலத்தைத் தாண்டியிராத அம்மா லீவு போட்டு என்னோடு பெங்களூருக்கு வந்தாள். மேம்பாலங்களில் பஸ் ஏறும்போதெல்லாம் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் தங்கப்போகும் விடுதி அறையில் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தாள். அன்று சாயங்காலமே திரும்பினாள், பள்ளிக்கூடத்தில் சமைக்க வேறு ஆள் கிடையாது. அவள் ஏறிய பஸ் கூட்டத்தில் மறைந்ததும், விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. அறைக்குத் திரும்பி, தாழ்ப்பாளை நானும் ஒரு தடவை போட்டு எடுத்துப் பார்த்தேன்.