கொரக்காத் தண்ணீரில் கரைந்த மயில்துத்தம்

1973 கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை என் நாட்குறிப்பில் எழுதியிருப்பது: "விட்டு விட்டு மழை. அண்ணனுக்கு மருந்தடிப்பு. குழாய் அடைத்தது. அரைப் பேர்."

அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். அந்த வருஷம் பெரகலச் சந்தியில் மரவள்ளிக்கிழங்குகூட விடிந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அண்ணனுக்குப் பசியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அப்பா இந்தியக் குடியுரிமைக்குப் போட்டிருந்த மனுவின்படி அண்ணன் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்து பெட்டிக்குள் கிடந்தது. தோட்டத்தில் பேர் இருக்கும்வரை தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு அறையில், இருக்கலாம், பயணத்தைத் தள்ளிப்போடலாம். வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டினால் பதுளை ஸ்டேஷனில் இந்தியாவுக்கு ரயிலேற வேண்டியதுதான். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு அவர் வீட்டில் சாப்பிட்டு வந்தேன். என் மனு தனி, இலங்கையிலேயே இருக்க.

மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வரும். அதற்கு அடிக்கும் வெளிநாட்டுச் செப்புத் தூள் அந்த முறை எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. ஸ்டோரில் கிடந்த, நீலச் செப்பு உப்பான பழைய மயில்துத்தத்தை எடுத்தார்கள். அதைத் தொட்டியின் அடியில் கொட்டினால் எளிதில் கரையாது. சாக்கில் கட்டி நீர்மட்டத்தில் தொங்கவிட வேண்டும். நீலம் நூல் நூலாகக் கீழே இறங்கும். பிறகு சலவைச் சோடாக் கரைசலை ஊற்றினால் நீலக் கூழாகத் திரளும். கலக்கிய அன்றே அடித்துவிட வேண்டும். திங்கட்கிழமை மழை வேலையை நிறுத்தியது. மிஞ்சியதைக் கொட்டக்கூடாது என்றார் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. செவ்வாய்க்கிழமை அது மணலாகக் கல் பிடித்திருந்தது. அண்ணன் எல்லோரையும்போலக் குழாய் முனையைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். மாலையில் நீல உதட்டோடு வந்து வாசலில் வாந்தி எடுத்தார்.

அண்ணி அப்போது பித்தளைக் குடத்தைக் கொரக்கா போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மீன் குழம்புக்குப் போடும் கறுத்த புளிப்புக் காய் அது. குடத்தின் பச்சைக் களிம்பு கரைந்து ஓடுவதை அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். புதன்கிழமை காலை மிச்சக் கொரக்காவை எல்லாம் வேகவைத்துப் போத்தலில் ஊற்றினார்.

"மீனுக்குத்தான் வழியில்ல, கொரக்காவாச்சும் இருக்கட்டும்னு வச்சிருந்தேன். அதையும் தேயிலைக்குக் கொழம்பு வைக்கவா கொண்டு போறீங்க?" என்றார் அண்ணி.

"கொழம்பு இல்ல புள்ள, ரசம்."

அதைத் தொட்டியில் ஊற்றிக் கலக்கியதும் கல் கரைந்து, கூழ் தெளிந்து, கண்ணாடிபோல நீலமாயிற்று என்று அவர் சொன்னார். மருந்தடித்த எல்லோருக்கும் அன்று முழுப் பேர். கணக்கப்பிள்ளை பாராட்டினாராம்.

அடுத்த வாரம் அந்த மலையில் கொழுந்தின் விளிம்பெல்லாம் கருகி நின்றது. ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். பறிக்க இலை இல்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியில் பக்கத்துக் காம்பராக்காரி அண்ணியிடம் சொன்னதை நானே கேட்டேன்: "ஒங்க வீட்டு ரசம் எங்க அடுப்ப அணைச்சிருச்சே அக்கா." அண்ணி பாதிக் குடத்தோடு திரும்பிவிட்டார்.

ஆபீஸ் வாசலில் விசாரணை. நானும் கூடப் போயிருந்தேன்.

"செடிக்கு என்னத்தடா ஊத்தின?" என்றார் கணக்கப்பிள்ளை.

"மருந்துதாங்க ஐயா. கல்லு கரையலைங்க. கொரக்கா தண்ணி கொஞ்சம் சேத்தேன்."

"யாரக் கேட்டு?"

"கேட்டுக்கிட்டு நின்னா அரைப் பேருங்க."

தோட்ட மேலாளரான தொரை உள்ளே இருந்தபடியே பேரேட்டை எடுத்தார். அண்ணன் பேர் வெட்டப்பட்டது.

தை மாதம் அவர்களைப் பதுளையில் ரயிலேற்றினேன். அண்ணி அந்தக் குடத்தை மடியில் வைத்திருந்தார். "கடுதாசி போடுறேன்" என்றார் அண்ணன். ஒன்றே ஒன்று வந்தது, மண்டபம் முகாமிலிருந்து.

எண்பதுகளின் கடைசியில் பண்டாரவளையில் பழைய அறிவியல் சஞ்சிகை ஒன்று கிடைத்தது. கார்பனேட் கரைப்பான்கள் தயாரிக்கும் ஆலைகளைப் பற்றிய கட்டுரை. அங்கே ஒரு செப்பு உப்புதான் வினையூக்கி. அது கரைந்தே இருக்க வேண்டும். படிந்தால் குழாய் அடைக்கும், ஆலை நிற்கும். அதைக் கரைசலில் நிறுத்தி வைக்க என்னென்னவோ சேர்க்கிறார்கள். அண்ணன் செய்ததும் அதைத்தான். ஆனால் தேயிலைக்குச் செம்பு கரையாமல் இலைமேல் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கரைந்த செம்பு இலையைச் சுட்டுவிடும்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் சவர்க்காரத் தட்டுப்பாட்டால் ஸ்டோரின் சோடா அந்த மாதம் துணி துவைக்கப் பல வீடுகளுக்குப் போனதாகவும், தொட்டிக்குக் குறைத்தே கொடுத்ததாகவும் பின்னால் ஒரு பேச்சு வந்தது. சோடா குறைந்தால் கொரக்கா இல்லாமலே செம்பு கரைந்து நிற்கும், இலை கருகும். கொரக்கா கலக்காத மருந்து அன்று எந்த வரிசையிலும் அடிக்கப்படவில்லை; முதல் இரண்டு நாள் அடித்த கொஞ்சத்தையும் மழை கழுவிவிட்டது. எனவே ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஸ்டோர்காரர் தோட்டத்தைவிட்டுப் போய்விட்டார், நான் தேடியும் கிடைக்கவில்லை. சோடா குறைத்துக் கொடுக்கப்பட்டதா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.