ஆமணக்கின் லத்தீன் பெயர்

அந்த விதையை என் மகள் கடித்தாளா, அப்படியே விழுங்கினாளா, வாயிலேயே போடவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

திருவொற்றியூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்னால், சாக்கடை ஓரமாக, ஓர் ஆமணக்குச் செடி தானாக முளைத்து என் உயரத்தைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. துணி உலர்த்திவிட்டுத் திரும்பினேன். இரண்டரை வயது மகள் அதன் அடியில் உட்கார்ந்திருந்தாள். காய் வெடித்துச் சிதறிய விதைகள் கையில், எச்சில் உதட்டோரம்.

"வாயில போட்டியா?" என்றேன். தலையாட்டினாள். "போடலையா?" என்றேன். அதற்கும் தலையாட்டினாள்.

கல்லூரியில் தாவரவியல் படித்தவள் நான். ஆமணக்கின் தாவரவியல் பெயர் ரிசினஸ் கம்யூனிஸ். லத்தீனில் ரிசினஸ் என்றால் உண்ணி. பழுப்புப் புள்ளிகளும் நுனியில் தலைபோல ஒரு முண்டும் உள்ள அந்த விதை, ரத்தம் குடித்து உப்பிய நாய் உண்ணி போலவே இருக்கும். தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது அந்தப் பெயர் வேடிக்கையாக இருந்தது. அவள் உள்ளங்கையில் பார்த்தபோது, விதைகள் ஊர்வதுபோலத் தோன்றி, அலறிக்கொண்டே அவற்றைத் தட்டிவிட்டேன்.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். மூட்டுவலிக்கு அந்தச் செடியின் இலையை வதக்கிக் கட்டுபவர்.

"இன்னாம்மா, இதுக்குப் போயி இப்டி கத்தினு கீற? எங்க வூட்ல அல்லாரும் வெளக்கெண்ண குடிச்சி வளந்தவங்கதான்."

"எண்ணெய் வேற அக்கா. விஷம் எண்ணெயில வராது, விதையிலதான் இருக்கு."

"படிச்சவங்களோட இதான் பேஜாரு," என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவை நிறுத்தி, எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

மருத்துவமனையில் மருத்துவரும் கடித்தாளா, விழுங்கினாளா என்றுதான் கேட்டார். விதையின் ஓடு கெட்டியானது, முழுதாகப் போயிருந்தால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், கடித்திருந்தால்தான் ஆபத்து என்றார். கடித்தாளா என்று எனக்குத் தெரியாததால் குழந்தையை அங்கேயே வைத்துப் பார்க்கச் சொன்னார். அவள் ஏப்பம் விட்டால்கூட வாந்தியோ என்று எழுந்தேன்.

"இட்லியே கடிக்க மாட்டா உன் பொண்ணு. கல்லு மாரி கொட்டைய கடிக்கப் போறாளா?" என்றார் அக்கா. சிரித்துவிட்டேன். உடனே, போன வாரம் பென்சிலைக் கடித்துத் துப்பியது இவள்தானே என்று நினைவு வந்தது.

ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பும் வழியில், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் தூசி படிந்த ஆமணக்கு இலைகள். ரயில் பாதை ஓரத்திலும் ஆமணக்கு. அடுத்த மாதம் அவளைச் சேர்க்கப்போகும் மழலையர் பள்ளியின் சுவரை ஒட்டியும் ஆமணக்கு. கம்யூனிஸ் என்றால் பொதுவானது, எங்கும் இருப்பது. படித்த நாளில் அந்தச் சொல்லை நான் பொருட்படுத்தியதே இல்லை.

"அந்தச் செடிய வெட்டிடலாம் கண்ணு. எனக்கு எல எங்க போனாலும் கெடைக்கும்," என்றார் அக்கா.

எங்கே போனாலும் கிடைக்கும் என்று அவர் ஆறுதலாகச் சொன்னதுதான் எனக்குப் பயம். வெட்டிவிட்டோம். ஆனாலும் பின்கதவைத் தாழிட்டே வைத்திருக்கிறேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே போகவேண்டும் என்று அழுகிறாள். பள்ளியில் சேர்ப்பதா, ஒரு வருடம் தள்ளிப்போடுவதா என்று தினமும் மாற்றி மாற்றி முடிவெடுக்கிறேன்.

எங்கள் பகுதியில் பிள்ளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். மூன்று வயதுகூட ஆகாத குழந்தைக்கு, கீழே கிடப்பதை வாயில் போடாதே என்பதை, என்னைப் போலப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள்? எந்தத் தைரியத்தில் கதவைத் திறந்துவிட்டீர்கள்?