ஊர்ப்பெயர்

வவுனியாவில் அமெச்சூர் வானொலிப் பரீட்சைக்கான வகுப்பில் கையில் தந்த வோக்கிடோக்கி செற்றின் சூடான றப்பர் மணம் மூக்கில் ஏறியதும், கொக்கிளாய்க் கரையில் இப்போது இல்லாத எங்கள் மீன்வாடிக்குப் போய்விட்டேன். அங்கே கருவாட்டுச் சாக்குகளுக்கு நடுவில், பொலித்தீன் பை சுற்றிய இதேமாதிரி ஒரு செற் பகல் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். அம்மா பொத்தானை அமத்தி "சோறு ஆறுது" என்பா, கடலில் நிற்கும் அப்பா "வாறன்" என்பார், அவ்வளவுதான். அது சண்டைக் காலம்; பேரும் ஊரும் சொன்னால் ஒட்டுக்கேட்கிற ஆமிக்காரன் விமானத்தில் வந்து குண்டு போடுவான், சொல்லவே கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஒரு மத்தியானம் அம்மா கருவாடு பிரட்டப் போன நேரம் நான் பொத்தானை அமத்தி, "அப்பா, கொக்கிளாய் வாடியில நிக்கிறன்" என்றேன். ஓடிவந்த அம்மா பற்றரியைப் பிடுங்கிவிட்டு, கவிழ்த்த வள்ளத்துக்குக் கீழே என்னை இழுத்து, உப்புக் கையால் வாயைப் பொத்தினா. வானத்தில் விமான இரைச்சல் கேட்கிறதா என்று பொழுதுபடும்வரை கிடந்தோம். ஒன்றும் வரவில்லை; அப்பாதான் வந்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் செற்றை யாரும் தொடவில்லை. அந்த "வாறன்" இல்லாமலே ஒவ்வொரு நாளும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வானொலியில முதல்ல அழைப்புக்குறி சொல்லாமல் கதைச்சால் குற்றம் அக்கா. பிறகு பேர், ஊர். சத்தமாச் சொல்லுங்கோ" என்றார் பயிற்றுநர்.

பயிற்சிக்குத் தந்த குறியைச் சொன்னேன். பேரையும் சொன்னேன். ஊரைச் சொல்ல வாய் திறந்தபோது, பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஜன்னலால் வானத்தைப் பார்த்தேன்.