ஈசானிய மூலைக்கு ஓடிய தண்ணீர்

ஒரு வீட்டு முற்றத்துக்குக் கல் பதிக்கப் போனால், மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் சிவநேசன் கால்மணி நேரம் சும்மா நிற்பார். கொளுத்துகிற வெயிலில், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. அப்போது அவருக்குள் மழை பெய்யும். கூரையிலிருந்து வழியும், சுவரோரம் கூடும், புல்லுக்கடியில் கொஞ்சம் தயங்கும், பிறகு தனக்கென ஒரு வழி கண்டு மெல்ல நகரும். அது எங்கே போய் அடங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார். லோரியிலிருந்து கல் இறக்கும் மச்சினன் தனேஷ் வீட்டுக்காரர்களைச் சமாதானப்படுத்துவான்.

"படம் ஓடுது பாஸ். இன்டர்வெல் வரட்டும், அப்புறம் பேசலாம் லா."

சிவநேசனுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. பதினெட்டில் காப்பார் பக்கம் சிமெண்டுக் கல் அச்சிடும் பட்டறையில் சேர்ந்தவர். அச்சில் ஊற்றிய கல் இறுகும்வரை காத்திருப்பது அங்கே பாதி வேலை. அந்தக் காத்திருப்பில் ஒட்டிக்கொண்டதுதான் இந்தக் கனவு காணும் வழக்கம். பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கி, சுங்கை பூலோவில் ஒரு வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில் முதல் முதலாகக் கல் பதித்தார். ஆறே மாதத்தில் சக்கரம் போகும் தடம் இரண்டும் ஓடை போலக் குழிந்துவிட்டன. பெயர்த்துப் பார்த்தால் கல்லில் ஒரு குறையும் இல்லை. அடியில் களிமண் கூழாகிக் கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் கல்லை விட்டுவிட்டு மண்ணோடு பழக ஆரம்பித்தார். வெயிலில் உள்ளங்கை ரேகை போல வெடிக்கும், மழையில் உப்பி, குடித்த தண்ணீரை விடாமல் பிடித்து வைத்திருக்கும் மண் அது. மற்றவர்கள் நாலு அங்குலம் தோண்டுகிற இடத்தில் அவர் பத்து அங்குலம் தோண்டினார். களிமண் மேலேறி வராதபடி கருப்புத் துணி விரித்தார். அதன்மேல் உடைகல்லும் தூளும் கலந்த ஜல்லியை மூன்று தடவையாகக் கொட்டி, ஒவ்வொரு தடவையும் அதிரும் எந்திரத்தை ஓட்டி இறுக்கினார். ஓர் அங்குல மணல், அதற்கும் மேலேதான் கல். கீழே மண் தூங்குகிறது, அதை எழுப்பாமல் மேலே நடக்க வழி செய்வதே தன் தொழில் என்பார்.

இத்தனையும் தெரிந்தவர்தான் போன செப்டம்பரில் அமுதவள்ளி அக்கா வீட்டில் தவறு செய்தார்.

கிள்ளானில் ஒரு மூலை வீடு. பக்கவாட்டில் நீண்ட முற்றம். மேற்கே கேட், கேட்டை ஒட்டிச் சாலையோரச் சாக்கடை. கிழக்குக் கோடியில், இரண்டு மதில்கள் சேருமிடத்தில், ஈசானிய மூலை. நடுவே பக்கக் கதவு. அந்தக் கதவு வழியாகத்தான் அக்காவின் கணவர் பாலன் சக்கர நாற்காலியில் வெளியே வருவார். முப்பத்தோரு வருடம் ரயில் ஓட்டியவர். இப்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு, டயாலிசிஸ் நிலையத்து வேன் கேட்டில் வந்து நிற்கும். கதவிலிருந்து கேட் வரைக்கும் இருந்த பழைய சிமெண்டுத் தரை பிளந்து போயிருந்தது. நாற்காலி தடங்கலில்லாமல் போகவேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் அக்கா கையில் ஒரு தாள் வைத்திருந்தார். பிரிக்பீல்ட்ஸில் வாஸ்து பார்க்கும் ஒருவர் வரைந்து கொடுத்தது. முற்றத்துத் தண்ணீர் வடகிழக்கு நோக்கி ஓட வேண்டும் என்று அதில் அம்புக்குறி போட்டிருந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் படுத்தார், இதையாவது சரி செய்துவிடுவோம் தம்பி என்றார் அக்கா.

சிவநேசன் வழக்கம்போல் நின்று கண்ணை மூடினார். உள்ளே மழை பெய்தது. தண்ணீர் ஈசானிய மூலைக்குப் போனது. போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தபோது அக்கா இரு கையாலும் அந்தத் தாளைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செஞ்சிடலாம்க்கா" என்றார்.

மூலையில் ஒரு குழி வெட்டிக் கூழாங்கல் நிரப்பிவிட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். களிமண்ணில் வெட்டிய குழி ஒரு சட்டிதான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அன்றைக்கு அதை நம்ப மனசு ஆசைப்பட்டது.

அக்டோபர் மழை மூன்று வாரம் விடாமல் அடித்தது. குழி நிரம்பியது. தண்ணீர் கல்லுக்கடியில் பின்வாங்கிப் பக்கக் கதவு வரைக்கும் ஊறியது. ஒரு வியாழக்கிழமை காலை நாற்காலியின் சின்னச் சக்கரம் கல்லோடு சேர்ந்து புதைந்தது. வேன் ஓட்டுநரும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து தூக்கினார்கள். நிலையத்துக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் தாமதம். அடுத்தவர் முறை காத்திருந்ததால் பாலனுக்கு அன்று ரத்தச் சுத்திகரிப்பு அரைகுறையாகத்தான் முடிந்தது. மறுநாள் அவருடைய கால் வீங்கி, மூச்சு வாங்கியது.

அக்கா கூப்பிடவில்லை. பாலன்தான் கூப்பிட்டார்.

"சிவநேசன், உன் தண்ணி ஸ்டேஷனை விட்டுக் கெளம்ப மாட்டேங்குது. வந்து கொடி காட்டிட்டுப் போ."

போனார். கல்லை எல்லாம் பெயர்த்துச் சாய்வைக் கேட் பக்கம் திருப்ப வேண்டும். அக்கா ஒப்பவில்லை. கல்லை மாற்று, மண்ணை மாற்று, சாய்வை மட்டும் தொடாதே என்றார். இதுவரை வந்த கெடுதலே போதும், இனி ஒன்று வந்தால் நான் தாங்க மாட்டேன் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. வாதாடத் தெரியாத சிவநேசன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்த வேன் நாளைக் காலை. ஒரு முழுச் சுத்திகரிப்பு இன்னொரு தடவை தவறினால் மருத்துவமனைதான் என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாலன் தன்னை முற்றத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். தனேஷ் நாற்காலியைக் கேட்டைப் பார்த்தபடி நிறுத்தினான். பாலன் குனிந்து, தானே பிரேக்கை விடுவித்தார். நாற்காலி ஒரு கணம் யோசித்தது. பிறகு சத்தமில்லாமல் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. கேட் அவரைவிட்டு விலகிக்கொண்டே போனது. ஏதோ ஒரு ரயில் கனவுக்குள் புறப்படுவதைப்போல இருந்தது சிவநேசனுக்கு. அமுதவள்ளி அக்கா செருப்பு இல்லாமல் ஓடி, மூலையில் குளமாய்த் தேங்கிய தண்ணீருக்கு ஒரு முழம் இருக்கையில் கைப்பிடியைப் பற்றினார்.

"வள்ளி" என்றார் பாலன், நிதானமாக. "வாசலுக்குப் போவணும்னா நான் ஏறணும். இந்த மூலைக்குப் போறதுக்குச் சும்மா இருந்தாலே போதும்."

 சிவநேசன் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அக்கா, தண்ணி இங்கதான் நிக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லாம விட்டுட்டேன். உங்க மேல தப்பில்ல."

"ஏன் தம்பி சொல்லல?"

"நீங்க அந்தத் தாளப் புடிச்சிருந்த விதம்..."

அக்கா மூலையில் கலங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தார். "ஓடணும்னுதான் தம்பி நான் கேட்டேன்" என்றார். "நிக்கணும்னா கேட்டேன்? திருப்பிடு."

மறுநாள் காலை பலகை போட்டு, சிவநேசனும் தனேஷும் நாற்காலியோடு பாலனைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். பல்லக்கு வாடகை எவ்வளவு என்று அவர் கேட்டார். அதற்குப் பின் ஒன்பது நாள் வேலை; இடையில் வேன் வந்த காலைகளிலும் அதே பல்லக்குதான். முற்றத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டி மழையை வெளியே நிறுத்தினார்கள். கூழான களிமண்ணை அள்ளி வெளியேற்றினார்கள். அடிமண் கையில் ஒட்டாத பதத்துக்குக் காயும்வரை சிவநேசன் எந்திரத்தை இறக்கவே இல்லை. ஈரக் களிமண்ணை அதிர்த்தால் அது இன்னும்தான் குழையும். துணி, ஜல்லி, மணல், கல். அறுபது அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்று மேற்கே சாய்வு. ரயில் தண்டவாளத்துக்கே இந்தச் சரிவு அதிகம், கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போய்விடுவேன் என்று பாலன் ஆட்சேபித்தார். அதனால் கேட்டுக்கு முன்னால், நாற்காலி நிற்கும் அளவுக்கு, ஏறக்குறைய மட்டமாக ஒரு மேடை வைத்தார்கள். சாய்வு பார்க்கும் ரசமட்டத்தைப் பாலனின் மடியில் கொடுத்து ஒவ்வோர் அடிக்கும் பார்க்கச் சொன்னார்கள். அவர் இரண்டு இடத்தில் கல்லைத் திரும்ப எடுக்க வைத்தார். 

தார்ப்பாயைக் கழற்றிய மறுநாள் ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் மழை கொட்டித் தீர்த்திருந்தது. கடைசித் தண்ணீரும் கேட்டடிச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. கல்லில் ஈரம் மட்டும் மின்னியது. ஏழு மணிக்குப் பக்கக் கதவு திறந்தது. பாலன் சக்கரத்தின் வளையங்களைத் தன் கையாலேயே பிடித்து, விட்டு விட்டு, இறங்கி வந்தார். அக்கா பின்னால் கை நீட்டியபடி நடந்தாலும் தொடவில்லை. மேடையில் நாற்காலி தானாக நின்றது. வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அக்காவும் ஏறிக்கொண்டார்.

சிவநேசன் கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினார். கதவிலிருந்து அவர் கால்வரைக்கும் ஈரக் கல்லின்மேல் இரண்டு மெல்லிய சக்கரத் தடங்கள், வளையாமல், இணையாக வந்திருந்தன. வெயில் ஏற ஏற அவை கதவுப் பக்கமிருந்து ஒவ்வொரு கல்லாக உலர்ந்துகொண்டு வந்தன. கடைசிக் கல் காயும்வரை அவர் அங்கேயே நின்றார்.