ரட்சகர் மாமா

பொன்னமராவதிப் பக்கம் எங்கள் ஊரில் தம்பிக்குக் காதுகுத்து நடந்தபோது, தெருமுனையில் பெரிய பிளக்ஸ் ஒன்று வைத்தார்கள். அதில் என் தாய்மாமா கறுப்புக் கண்ணாடியோடு கைகூப்பி நின்றார். தலைக்கு மேலே, ‘மருமகன் உயிர்காத்த ரட்சகரே வருக!’

காரணம் இல்லாமல் இல்லை. அந்த வருஷ மழைக்காலத்தில்தான் தம்பி எங்கள் வயல் கிணற்றுக்குள் விழுந்தான். நானும் அம்மாவும் போட்ட கூச்சலில் மாமா வரப்பிலிருந்து ஓடி வந்தார். ஊரிலேயே நன்றாக நீந்துகிறவர். வாட்சைக் கழற்றினார். புது செல்போனை என் கையில் கொடுத்தார். சட்டைப் பொத்தானுக்குப் போவதற்குள், களையெடுத்த சேற்றுக் கையோடு அம்மா குதித்துவிட்டாள். மேலே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். அடுத்து தலை தெரிந்தபோது ஒரு கையில் தம்பி, மறு கையில் மோட்டார் குழாய்.

“அக்கா, கயித்தப் புடி!”

மாமா கயிற்றை வீசி, இருவரையும் படிப் பக்கம் இழுத்தார். அவர் உள்ளங்கையும் உரிந்துபோனது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பக்கத்து வீட்டு அத்தை மாதா கோவிலுக்குப் போகிற வழியில் பிளக்ஸைப் பார்த்து நின்றார். ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போகிறவர்.

“ரட்சகர்னா அது ஆண்டவர் ஒருத்தர்தான். கூலிங்கிளாஸ் போட்டவுகளுக்கெல்லாம் குடுத்தா எப்புடி?”

“இருக்கட்டும் மதினி. எந் தம்பிதானே, ஆசப்பட்டு வச்சிருக்கான்” என்று அம்மா சிரித்தாள்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. என் மாமா ரட்சகர் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். காதுகுத்து முடிந்ததும் அம்மா அந்த பிளக்ஸை மாட்டுக்கொட்டகைக்கு மேலே விரித்துக் கட்டினாள். மழை வரும்போதெல்லாம், “பாருடி, மாட்டையும் ஒங்க மாமன்தான் காப்பாத்துறான்” என்பாள்.

இப்போது புதுக்கோட்டையில் என் மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். அவள் முகம் தண்ணீருக்குள் போகும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுகிறேன். இவ்வளவு சீக்கிரம் சேர்த்தது தப்போ என்று தோன்றுகிறது. சேர்க்காவிட்டால் அதுவும் தப்பு. போன வாரம் அம்மாவையும் கூட்டிப்போனேன்.

“நம்ம கெணத்துலயே நீ இவளுக்குக் கத்துக் குடுத்திருக்கலாம்மா.”

பேத்தியைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்: “எனக்கு எங்கடி நீச்சல் தெரியும்?”

அன்று மாமாவின் செல்போனைப் பத்திரமாகப் பிடித்தபடி கிணற்றோரம் நின்ற எனக்கு, அது தெரியாது. எல்லா அம்மாக்களுக்கும் நீந்தத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.