பட்டியலில் என் பெயர்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எங்கள் டைப்பிங் சென்டரில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஈமெயில் முகவரிதான். அது என் பெயரில் இருந்தது. ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம் என்று 2005இல் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. யாருக்கு மெயில் வந்தாலும் நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன்.

திரௌபதி அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். விடியற்காலையில் அம்மாவோடு உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு, பத்து மணிக்கு வந்து உட்காருவாள். விரலெல்லாம் வெடித்திருக்கும். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். அவளோ ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பவள். அவளை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் படம் வரையும் மென்பொருள் ஒன்று இருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து திருத்தலாமாம். மெனுவில் ஏகப்பட்ட மொழிகள், தமிழ் மட்டும் இல்லை. அதை உருவாக்கும் குழுவுக்குத் திரௌபதியே தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் எழுதிக் கேட்டாள். முதலில் இருபது வரி மொழிபெயர்த்து அனுப்பும்படி ஃபின்லாந்திலிருந்து ஒருவர் பதில் போட்டார்.

"சம்பளமே இல்லாம எவனுக்கோ அடிச்சுக் குடுக்கப் போறியா?" என்று சிரித்தேன்.

"நம்ம ஊர் பசங்க பாப்பாங்கல்லண்ணே" என்றாள்.

இருபதில் ஏழு வரி திரும்பி வந்தது. பட்டனுக்குள் அடங்காத நீளமாம். அன்றைக்கு மதியச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது. அவள் சுருக்கி எழுதி மறுபடி அனுப்பினாள். நாலு மாதத்தில் எண்ணூறு வரி முடித்துவிட்டாள். அவளுக்கு வந்த ஒவ்வொரு நன்றி மெயிலையும் பிரிண்ட் எடுக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷமாக ஊருக்கே டைப் அடித்துக் கொடுக்கிறேன். எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை.

2006 பொங்கல் கழிந்து புதிய பதிப்பு வந்தது. பங்களித்தவர்கள் பட்டியலைத் திறந்தோம். தமிழுக்கு நேரே 'பஞ்சநாதன்' என்று இருந்தது. என் பெயர். சென்டரிலிருந்து போகும் எதிலும் நாங்கள் அடியில் பெயர் போடுவதில்லை. அதனால் மெயிலில் இருந்த பெயரையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

திரௌபதி என் பக்கம் திரும்பினாள். "மாத்தச் சொல்லி எழுதுங்கண்ணே."

"எழுதறேன்" என்றேன். எழுதவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டினேன்.

மூன்றாவது வாரம் எனக்கே ஒரு மெயில். ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் வரையும் அடுக்குக்கு 'ஏடு' என்று ஏன் வைத்தீர்கள், வேறொருவர் அதை மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு எப்படித் தெரியும்? வேறு வழியில்லாமல் திரௌபதியைக் கூப்பிட்டேன்.

படித்தாள். 'அன்புள்ள பஞ்சநாதன்' என்று தொடங்கியிருந்ததையும் படித்திருப்பாள்.

"பாத்தியில மொதல்ல ஏடு மாதிரி உப்பு கட்டும். அது மேல இன்னொன்னு கட்டும்ண்ணே. அடியில இருக்கிறது அப்படியே இருக்கும்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, அதையே இங்கிலீஷில் அரை மணி நேரம் தேடித் தேடி அடித்தாள். கடைசியில், வழக்கமில்லாத வழக்கமாக, அடியில் என் பெயரையும் அவளே அடித்தாள்.

"அனுப்பிடுங்கண்ணே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எழுந்து போனதும் என் பெயரை அழித்தேன். இதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை, எல்லாம் திரௌபதி எழுதியது என்று அடித்து அனுப்பினேன்.

அடுத்த பதிப்பில் பெயர் மாறியது. அந்த மென்பொருளுக்கு நான் செய்த திருத்தம் அந்த ஒன்றுதான். அவள் பெயரை அங்கே பார்க்கும்போது இன்னமும் வயிறு எரிகிறது. சுவரில் ஒட்டிய தாளை இன்னும் கிழிக்கவில்லை.